பால்மரம் இலை உதிர்க்கும் மாதம்

இலையுதிர்காலப் படம் எடுக்க ஜப்பானுக்கும் கனடாவுக்கும் கிளம்பும் நண்பர்களிடம் நான் சொல்வது இதுதான்: பிப்ரவரியில் ஈப்போவிலிருந்து தைப்பிங்கிற்குக் காரில் வாருங்கள். நெடுஞ்சாலை வேண்டாம். சுங்கை சிப்புட், கோலகங்சார், பாடாங் ரெங்காஸ் வழியே, பால்மரத் தோப்புகளின் ஓரமாகப் போகும் பழைய சாலை. பால்மரம் அமேசான் காட்டில் பிறந்தது. 1877இல் கோலகங்சாரில் அதன் கன்றுகளை நட்டார்கள். இத்தனை காலம் நம் மண்ணில் வாழ்ந்தும் ஆண்டுக்கு ஒருமுறை இலை உதிர்க்கும் வழக்கத்தை அது விடவில்லை. மஞ்சள், செம்பு, சிவப்பு என்று தோப்பே நிறம் மாறும். காலை வெயில் இலைக்குப் பின்னாலிருந்து விழும்போது நரம்புகூடத் தெரியும்.

தைப்பிங் ஏரியில் வேறு கணக்கு. மலை கிழக்கே இருப்பதால் சூரியன் புக்கிட் லாருட்டுக்குப் பின்னாலிருந்துதான் ஏறி வர வேண்டும். மலைமுகத்தில் வெளிச்சம் விழுவது பிற்பகலில். பல நாள் அதற்குள் மேகம் இறங்கி மழை பிடித்துக்கொள்ளும். கிடைத்த அரைமணி நேரத்தில், சாலையைத் தாண்டி நீரைத் தொடக் குனிந்திருக்கும் தூங்குமூஞ்சி மரக்கிளைகளையும் மலையையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவரலாம். அந்த ஏரி இயற்கை தந்ததல்ல. ஈயம் தோண்டிய பள்ளங்களில் தேங்கிய நீர். அந்த ஈயத்துக்காக லாருட்டில் ஆண்டுக்கணக்கில் வெட்டுக்குத்து நடந்தது. அது ஓய்ந்த பிறகு, 1880இல், அந்த நிலம் பூங்காவானது.

பேராக்கில் அழகாக இருக்கும் எந்த இடத்தைப் பார்த்தாலும் அடியில் யாரோ ஒருவருடைய உழைப்பு கிடக்கிறது. அதை அறிந்த பிறகும் படம் எடுத்து மகிழலாமா?

என் அம்மா இந்த மாநிலத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். சிவந்த தோப்பின் படத்தை முதன்முதலில் அவரிடம் காட்டியபோது, "இலை கொட்டுற மாசத்துல பால் எறங்காதுய்யா. இதப் போயி ஏன் எடுத்த?" என்றார். மரம் புதுத்தளிர் விடச் சத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். மங்கில் அடிமட்டுமே நனையும். பால் குறைந்தால் கையில் வரும் காசும் குறையும். தலைக்குமேல் நிழல் இல்லாமல் வெயில் நேராக முதுகில் இறங்கும். நான் பொன்னிறம் என்று கண்டதை அவர் கடன் வாங்கும் மாதமாகக் கண்டிருக்கிறார்.

பிறகு படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். இலையை விட்டுவிட்டு, முன்னால் நின்ற மரத்தின் வெட்டுப்பட்டையில் விரல் வைத்தார். "கத்தி ஆழமாப் போயிருக்கு பாரு. கட்டையத் தொட்டுட்டான். வெட்டிப் பழகாத ஆளு." சரிவாக ஓடிய கோட்டுக்கு மேலே பட்டை முண்டு முண்டாக வீங்கியிருந்தது. அந்த வீக்கம் என் படத்தில் இருந்ததையே நான் கவனித்ததில்லை. வெட்டியவனின் கைப்பழக்கத்தை அவர் ஒரே பார்வையில் படித்துவிட்டார்.

அழகை ரசிப்பது குற்றமென்று நான் நினைக்கவில்லை. நிமிர்ந்து இலையைப் பார்க்க அம்மாவுக்கு நேரமில்லை. எனக்கு இருக்கிறது, அவர் வெட்டிய பாலால். அந்த நேரத்தை வீணாக்கக் கூடாது என்றால் நன்றாகத்தான் பார்க்க வேண்டும்: நிறத்தை மட்டுமல்ல, வெட்டுக்கோட்டையும், மங்கையும், தோப்போரத்து லயத்தையும், அதன் முனியாண்டி கோயிலையும். படம் சுத்தமாக இருக்கவேண்டுமென்று இவற்றை ஓரம் வெட்டித் தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வெட்டித் தள்ளினால் அது எந்த நாட்டுத் தோப்பாகவும் இருக்கலாம். பேராக்காக இராது.

அந்தச் சாலையோரத் தோட்டங்கள் பல இப்போது செம்பனைக்கு மாறிவிட்டன. செம்பனை இலை உதிர்க்காது, நிறம் மாறாது. இன்னும் நிற்கும் பால்மரத் தோப்புகளைப் படமெடுத்துவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு உண்டு. எடுக்கும்போது அங்கே வேலை பார்த்தவர் யாரையாவது கூட அழைத்துப் போங்கள். எங்கே நின்று பார்ப்பது என்று அவர்கள் சொல்வார்கள்.