காணாத அயலாரும் கருவியின் சாட்சியமும்

குருமடத்து அறநெறி இறையியல் வகுப்புகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. வேட்டைக்குச் சென்ற ஒருவன் புதரில் ஏதோ அசைவதைக் காண்கிறான். அது மானாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. ஆனால் விறகு பொறுக்க வந்த மனிதனாகவும் இருக்கக்கூடும். அம்பு எய்யலாமா? கூடாது என்பதே அறநூலாரின் ஒருமித்த முடிவு. ஐயத்திற்குரிய சட்டம் நம்மைக் கட்டுப்படுத்துமா என்பதைப் பற்றி நூற்றாண்டுகளாக வாதிட்டவர்கள்கூட, பிறர் உயிர் நடுவில் நிற்கும்போது பாதுகாப்பான வழியையே கைக்கொள்ள வேண்டும் என்பதில் ஒன்றுபட்டனர். 1679ஆம் ஆண்டில் திருத்தந்தை 11ஆம் இன்னொசெந்து, அருளடையாளங்களை நிறைவேற்றுவதிலும் நீதி வழங்குவதிலும் 'ஓரளவு நம்பத்தக்க கருத்து' இருந்தால் போதும் என்ற தளர்ந்த கொள்கைகளைக் கண்டித்தார். பின்வந்த அறநூல்கள் மருத்துவரையும் அதே வரிசையில் நிறுத்தின.

மருத்துவக் கருவியை வடிவமைக்கும் பொறியாளரை எந்த வரிசையில் நிறுத்துவது? நம் பங்குகளின் பிள்ளைகள் பலர் இன்று அத்தொழிலில் இருக்கிறார்கள். எந்த உலோகம், எந்தக் கம்பி, எந்தச் சோதனைப் பொறி என்று தேர்ந்தெடுப்பது விலைப்பட்டியலைப் பார்த்துச் செய்யும் அலுவலக வேலை, அதில் மனச்சான்றுக்கு என்ன இடம் என்று கேட்பாரும் உளர். நோயாளி மருத்துவரின் முகத்தையாவது பார்க்கிறார். பொறியாளரை அவர் பார்ப்பதே இல்லை. பொறியாளரும் அவரைப் பார்ப்பதில்லை. ஒருவரையொருவர் காணாத இவ்விருவருக்கும் இடையே அயலார் என்ற உறவு உண்டா என்பதே நம் கேள்வி.

செயற்கை இதய வால்வை எடுத்துக்கொள்வோம். மூட்டுவாதக் காய்ச்சலால் வால்வு பழுதுபட்டவர்கள் நம் ஊர்களில் அரியவர் அல்லர். சாயும் வட்டு வகை வால்வில் ஓர் உலோகக் கூடும், அதனுள் ஒரு வட்டும், இதயத்தோடு வைத்துத் தைப்பதற்கான துணி வளையமும் உண்டு. அவ்வளவே. ஆனால் நிமிடத்திற்கு 72 துடிப்பு என்று கொண்டாலும், அந்த வட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கோடியே 78 லட்சம் தடவை திறந்து மூட வேண்டும். ஓய்வுநாள் அதற்குக் கிடையாது.

திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில், 2024இல் மறைந்த அறுவை மருத்துவர் வலியத்தான் அவர்களின் தலைமையில் இத்தகைய வால்வை உருவாக்கும் முயற்சி 1970களின் பிற்பகுதியில் தொடங்கியது. ஒரு மாதிரியில் பற்றவைத்த இடம் நொறுங்கும் தன்மை அடைந்து, வட்டைத் தாங்கும் கம்பி முறிந்தது. இன்னொன்றில் வட்டுக்கு நீலக்கல்லைத் தேர்ந்தார்கள். செயற்கையாக வளர்த்த ஒற்றைப் படிகம், தேய்வே அறியாதது. அது தான் தேயாமல் டைட்டேனியக் கூட்டைத் தேய்த்தது. கூட்டைக் கடினமான கோபால்ட் கலப்புலோகத்துக்கு மாற்றிய பிறகு, நீலக்கல்லே உடைந்தது. மூன்று மாதிரிகள், மூன்று தோல்விகள். நான்காவதில் வட்டு பாலியெத்திலீனால் ஆனது: மிக உயர்ந்த மூலக்கூற்று எடை கொண்ட வகை, ஆயினும் பிளாஸ்டிக்குதான். கூட்டைப் பற்றவைப்பு ஏதுமின்றி ஒரே உலோகத் துண்டிலிருந்து கடைந்தெடுத்தார்கள். சோதனைப் பொறிகளிலும் பின்னர் ஆடுகளிலும் தேறியபின், 1990ஆம் ஆண்டு டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. சென்னையின் டி.டி.கே. குழுமத்தின் வழியாகப் பரவி, இன்றுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மார்பில் அது இடம்பெற்றிருக்கிறது. வட்டு பிளாஸ்டிக் என்பதால் அதன் ஒலி சற்று அடங்கியது என்பது இதில் கிடைத்த உபரி நன்மை. பிற உலோக வால்வு பொருத்தியவர் அருகில் அமர்ந்தால், கோவிலின் அமைதியில் கைக்கடிகாரம் போன்ற அந்த ஒலியை நாம் கேட்கலாம்.

ஆனால் வேடனின் எடுத்துக்காட்டு இங்கே நம்மைக் கைவிடுகிறது. வேடன் வில்லைத் தாழ்த்திவிட்டு வீடு திரும்பலாம். மானும் பிழைக்கும், மனிதனும் பிழைப்பான். வால்வு செய்கிறவர் பொருத்தாமல் காத்திருந்தால், வெளிநாட்டு வால்வு வாங்க வசதியற்ற நோயாளி காத்திருக்கும்போதே இறக்கிறார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்த அந்தச் சோதனைக் காலத்தில் இறந்தவர்கள் எத்தனை பேர்? 'இரண்டாவது மாதிரியே போதுமானதாக இருந்திருக்கலாமே' என்று இறந்த ஒரு பிள்ளையின் தாய் கேட்டால், பாதுகாப்பான வழி என்ற சொல்லை அவள் முன் உச்சரிக்க நமக்கு நா எழாது. நோயினால் இறப்பதும் நாம் செய்த பொருள் முறிந்து இறப்பதும் அறநூலின்படி ஒன்றல்ல. அந்த வேறுபாடு உண்மையானது; அந்தத் தாய்க்கு அது ஆறுதலாகாது என்பதும் உண்மையே.

அவசரம் என்ன செய்யும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் பியோர்க்-ஷைலி குழிகுவி வால்வு 1979இல் அனுமதி பெற்று, 1986இல் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. அதற்குள் உலகெங்கும் ஏறத்தாழ 86,000 பேருக்கு அது பொருத்தப்பட்டுவிட்டது. வளையத்தில் பற்றவைக்கப்பட்ட சிறு கம்பி முறிந்து வட்டு கழன்றதால் இறந்தோர் நூற்றுக்கணக்கினர். மூடும் கணத்தில் வட்டு சில வேளைகளில் அளவுக்கு மீறிச் சுழன்று கம்பியின் முனையில் மோதுகிறது என்பது பின்னரே தெளிவாயிற்று. 1990இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை இதற்குச் சூட்டிய தலைப்பு, 'கற்றுக்கொண்டே சம்பாதி' என்று பொருள்படுவது. அத்தலைப்பின் கசப்பு நியாயமானதே. ஆய்வுக்கூடத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி நோயாளிகளின் மார்பில் கேட்கப்பட்டது. தாங்கள் ஒரு கேள்விக்கு விடையாக வைக்கப்பட்டிருப்பதை அவர்கள் அறியவுமில்லை.

எனவே உறுப்புகளின் தேர்வைவிடச் சோதனைப் பொறியின் தேர்வே நம்மை அதிகம் சிந்திக்க வைக்கிறது. ஐ.எஸ்.ஓ. 5840 என்னும் தரநிலை, இத்தகைய வால்வுகள் 40 கோடி தடவை திறந்து மூடி நிலைக்க வேண்டும் என்கிறது. ஏறத்தாழ பத்தாண்டு வாழ்வு. யாரும் பத்தாண்டு காத்திருக்க முடியாது. ஆகவே துடிப்பைப் பலமடங்கு விரைவாக்கும் பொறியில் இட்டு ஓட்டுகிறார்கள். ஆனால் விரைந்து அடிக்கும் பொறி இதயத்தைப் போலவே அடிக்கிறதா? படி ஏறும்போதும் அஞ்சி நடுங்கும்போதும் இதயம் செய்வதை அது செய்கிறதா? அதன் அளவுமானிகளை யார் சரிபார்த்தார்கள், எப்போது? கள்ளத் தராசை நீதிமொழிகள் நூல் கடிந்துகொள்வதைச் சந்தைக்கடைக்கு மட்டும் உரியதென நாம் எண்ணிவிடுகிறோம். நம் பொருளைத் தேறவைக்கும் என்று முன்கூட்டியே தெரிந்த சோதனையை வாங்கி வைப்பவரும் கள்ளத் தராசையே கையில் வைத்திருக்கிறார். 'இல்லை' என்று சொல்லும் ஆற்றல் அற்ற கருவி சாட்சி ஆகாது.

அந்த ஆற்றலின் மதிப்பு இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் 1962இல் வெளிப்பட்டது. அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி, செயற்கை இடுப்பு மூட்டின் கிண்ணத்துக்கு வழுவழுப்பு மிக்க டெஃப்லானைத் தேர்ந்து, ஏறத்தாழ 300 நோயாளிகளுக்குப் பொருத்தியிருந்தார். சில ஆண்டுகளில் அது தேய்ந்து, சுற்றியுள்ள திசுக்களைப் புண்ணாக்கியது. அவ்வேளையில் ஒரு விற்பனையாளர் பாலியெத்திலீன் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். சார்ன்லி அதில் நகத்தால் கீறிப் பார்த்து, இதில் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருடைய தொழில்நுட்ப உதவியாளர் ஹாரி கிரேவன், மருத்துவர் வெளிநாடு சென்றிருந்தபோது, அத்துண்டைத் தேய்மானப் பொறியில் பொருத்தி ஓடவிட்டார். மூன்று வாரம் இரவும் பகலும் ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுகூட அது தேயவில்லை. ஊழியன் சொல்லியிருந்தால் தலைவர் செவிமடுத்திருப்பாரோ என்னவோ. பொறிக்குத் தலைவர் யார், ஊழியன் யார் என்பது தெரியாது. சார்ன்லி வந்து பார்த்தார், ஏற்றுக்கொண்டார். தேறிய அறிஞர்களிடம் இது நாம் எதிர்பார்க்கும் அளவுக்கு அடிக்கடி நிகழ்வதில்லை. அந்த பாலியெத்திலீனின் இனத்தைச் சேர்ந்ததுதான் பிற்காலத்தில் திருவனந்தபுரத்தில் நீலக்கல் விட்டுச்சென்ற இடத்தை நிரப்பியது.

சார்ன்லி இம்முறை உடனே நோயாளிகளிடம் செல்லவில்லை. டெஃப்லான் துண்டுகளையும் பாலியெத்திலீன் துண்டுகளையும் தம் தொடையின் சதைக்குள் வைத்துக்கொண்டு, உடல் அவற்றை எப்படி ஏற்கிறது என்று பார்த்தார். காணாத அயலாரின் இடத்தில் தம்மையே வைத்துப் பார்க்க இதைவிட நேரடியான வழி இருக்க முடியாது. எல்லாரிடமும் இதை எதிர்பார்க்கவும் முடியாது. இருதய வால்வைத் தம் மார்பில் பொருத்திப் பார்க்க யாராலும் ஆகாது. டெஃப்லான் கிண்ணம் பொருத்தப்பட்டிருந்த அந்த 300 பேரும் அங்கே காத்திருந்தார்கள். அவர்களில் பலரை அவர் மீண்டும் அழைத்து, தேய்ந்தவற்றை அகற்றி, தம் கையாலேயே மறு அறுவை செய்தார்.