வரம்பில் படித்த பாடம்

நல்லதை நினைத்துச் செய்த காரியம் கேட்டில் முடிந்தால், செய்தவன் குற்றவாளியா? இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது இந்தோனேசியாவின் நெல்வயல்.

1984இல் அந்நாடு அரிசியில் தன்னிறைவு கண்டது. புதிய நெல்லினங்களும் உரமும் அரச மானியத்தில் மலிவாகக் கிடைத்த கிருமிநாசினியும் கைகொடுத்தன. ஓரிரு ஆண்டுகளில் ஜாவாவின் வயல்களை அறக்கொட்டி கருக்கியது. விசிறிய நஞ்சு, அறக்கொட்டியைத் தின்னும் சிலந்திகளைக் கொன்றிருந்தது. தாளுக்குள் இருந்த அதன் முட்டைகளோ தப்பிக்கொண்டன.

1986இல் அரசு நெல்லுக்கு 57 வகைக் கிருமிநாசினிகளைத் தடைசெய்தது. பயந்ததுபோல் விளைச்சல் வீழ்ந்துவிடவில்லை. 1989இல் வயற்பாடசாலைகள் தொடங்கின. விவசாயிகள் வாரந்தோறும் வயலில் இறங்கிப் பூச்சிகளை எண்ணினர். எது நண்பன், எது பகைவன் என்று வரைந்து, பேசி, தாமே முடிவெடுத்தனர். நஞ்சு மீண்டும் பெருகிய பின், 2010, 2011இல் அறக்கொட்டியும் மீண்டு வந்தது.

என் வாப்பாவும் அறக்கொட்டிக்கு நஞ்சடித்தவர்தான். எங்கள் பசிக்குப் பயந்து அடித்தார். அவரைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. மருந்தை மலிவாக்கி அறிவை அரிதாக்கியவர்களுக்கே அதில் பெரும்பங்கு. ஆனால், அறிந்த பின்னும் அடிக்கும் எனக்கு அந்தச் சாட்டு இல்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. இருபது வருடமாகக் கரும்பலகையில் விடையை எழுதிக் கொடுத்தே பழகியவன் நான். எண்ணிப் பார்க்கப் பிள்ளைகளை எப்போது வரம்பில் இறக்கினேன்?