கணவாய் தாண்டிய பாம்பு

திருவனந்தபுரத்து ராக் குழுவான அவியல், தன் முதல் ஆல்பத்தை 2008-இல் வெளியிட்டது. குழுவின் பெயரே ஆல்பத்துக்கும் பெயர். மொத்தம் எட்டுப் பாட்டு. கிட்டார் ரெக்ஸ் விஜயன், டிரம்ஸ் மிதுன் புத்தன்வீட்டில், பேஸ் நரேஷ் காமத். பாடுவதோடு டர்ன்டேபிளையும் பார்த்துக்கொண்டவர் டோனி ஜான். கோவைக்கு அது சி.டி.யாக வந்ததைவிட பென் டிரைவில் வந்ததுதான் அதிகம். இங்கே படித்த பாலக்காட்டுப் பையன்கள் ஞாயிற்றுக்கிழமை இரவு விடுதிக்குத் திரும்பும்போது கொண்டுவந்தார்கள். அறை அறையாக நகல் போனது. அட்டைப் படம் இல்லை, பாட்டு வரிகள் அச்சிட்ட தாள் இல்லை. பல கோப்புகளில் பாட்டின் பெயர்கூட இருக்காது. யார் எழுதியது, யார் பாடியது என்று தெரியாமலே கேட்டோம். அப்படிக் கேட்டதில் ஒரு நன்மை இருந்தது: காதுக்கு முன்னால் எதுவும் நிற்கவில்லை.

*

அதில் ஒரு பாட்டுக்கு ‘ஆடு பாம்பே’ என்று பெயர். சொற்கள் கேரளத்துத் துறவி ஸ்ரீநாராயண குருவினுடையவை. அவருடைய ‘குண்டலினிப் பாட்டு’. 1856-இல் பிறந்து 1928-இல் மறைந்தவர், 1888-இல் அருவிப்புறத்தில் சிவலிங்கத்தைத் தன் கையால் நிறுவியவர், அவருடைய பாட்டை டிஸ்டார்ஷன் ஏற்றிய கிட்டாரின் மேல் வைத்துப் பாடியிருக்கிறார்கள்.

கோவைக்காரனுக்கு இந்தத் தலைப்பைக் கேட்டதும் வேறொருவர் நினைவுக்கு வருவார். மருதமலையில் இறங்கிப் போனால் குகை இருக்கிறதே, அந்தப் பாம்பாட்டிச் சித்தர். அவர் பாடல்கள் நூற்றுக்கும் மேல். பாட்டுக்குப் பாட்டு கடைசியில் பாம்பை ஆடச் சொல்லித்தான் முடியும்.

குருவுக்குத் தமிழ் அயல் மொழி இல்லை. தமிழில் தேவாரப் பதிகங்களே பாடியிருக்கிறார். திருக்குறளில் ஒரு பகுதியையும் ‘ஒழிவிலொடுக்க’த்தையும் மலையாளத்துக்குக் கொண்டுபோனவர். யோகம் பழகியது தைக்காட்டு அய்யாவு சுவாமிகளிடம். அவர் தமிழர், திருவனந்தபுரத்து ரெசிடென்சியில் வேலை பார்த்தவர். குரு தவம் இருந்த இடங்களில் ஒன்று கன்னியாகுமரி மாவட்டத்து மருத்துவாழ் மலைக் குகை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் ஒரு குகை, பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நம் மருதமலையில் ஒரு குகை. இரண்டும் பாம்புப் பாட்டு பாடிய இருவருக்கு இருப்பிடம்.

*

மருதமலைக் கோயிலிலிருந்து சித்தர் குகைக்குப் படி கீழே இறங்குகிறது. மேலே வரிசையில் நிற்கும் கூட்டத்தின் சத்தம் சில திருப்பங்களிலேயே குறைந்துவிடும். குகை சிறியது. உள்ளே பாறையிலேயே பாம்பு உருவம். மஞ்சளும் குங்குமமும் வருடக்கணக்கில் அப்பி அப்பி, கல் எது, பூச்சு எது என்று விரலால் தொட்டால்தான் தெரியும். ஈரம் எப்போதும் இருக்கும். பாலின் புளிப்பு வாசனையும் கற்பூரமும் கலந்து வரும். சிலர் உட்கார்ந்து கண் மூடுவார்கள். குழந்தைகள் பாம்பைத் தேடுவார்கள், நிஜப் பாம்பை.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாம்பு பிடித்துப் பிழைத்தவர், நவரத்தினப் பாம்பு ஒன்றைத் தேடி மலையேறினார். சட்டைமுனிச் சித்தர் எதிர்ப்பட்டு, நீ தேடும் பாம்பு உனக்குள்ளே சுருண்டு கிடக்கிறது என்றார். அன்றோடு தேடல் நின்றது, ஆட்டம் தொடங்கியது. வரலாற்றுக்காரர்கள் இதில் எதையும் உறுதி செய்து தர மாட்டார்கள். அவர் அடங்கிய இடம் என்று சொல்லிக்கொள்ளும் ஊர்களும் வேறு உண்டு. எனக்கு அதில் குறையில்லை.

ஒருமுறை படி ஏறும் வழியில் இளைப்பாற உட்கார்ந்தபோது, கூட வந்த நண்பன் தன் கைப்பேசியில் அவியலின் பாட்டை வைத்தான். பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மா முழுதாகக் கேட்டார். “சத்தம் சாஸ்திங்க கண்ணு,” என்றார். பிறகு, “ஆனா கூப்புடறது பாம்பத்தானுங்க.”

*

அந்தப் பாட்டை இத்தனை வருடம் கேட்டும் அலுக்காததற்குக் காரணம் என்னவென்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். சித்தர் பாட்டில் முடிவு மாறுவதில்லை. நடுவில் உடம்பின் நிலையாமை வரும், சாதியின் பொய் வரும், ஆசானின் பெருமை வரும். கடைசியில் அதே அழைப்பு. ஒவ்வொரு முறையும் அழைப்பின் எடை மட்டும் கூடிக்கொண்டே போகும். ராக் இசையில் கிட்டாரின் ‘ரிஃப்’ செய்வதும் இதுதான். நாலைந்து சுரம் கொண்ட ஒரு சிறு துண்டு, மாறாமல் திரும்பத் திரும்ப வரும். அதன் மேல் மற்றதெல்லாம் மாறும். பாடுகிறவன் உடைந்துபோனாலும் ரிஃப் உடையாது. மகுடியும் அப்படித்தான். ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தே கேட்கிறவனைக் கட்டிப்போடும்.

எனவே இந்தப் பாட்டில் பழைய சொல்லின் மேல் புது வாத்தியத்தை ஒட்டவைத்த வேலை இல்லை. இரண்டும் ஏற்கெனவே ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தன. ஃப்யூஷன் என்ற பெயரில் எத்தனையோ கேட்டிருக்கிறோம்: நடுவில் மிருதங்கத் தனி ஆவர்த்தனம், ஓரத்தில் புல்லாங்குழல், இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டும் மரியாதை. அதில் எனக்கு மனம் ஒட்டியதே இல்லை. மரியாதை அதிகமானால் பாட்டு வளராது. டோனி ஜான் சந்நியாசியின் சாந்தத்தை வரவழைத்துக்கொண்டு பாடவில்லை. தன் வயசுக்கும் தன் ஊருக்கும் உரிய குரலில் பாடினார். அந்த நேர்மையைத்தான் குரு கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

*

கேரளத்தில் ராக் அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. கொச்சியின் 13 ஏடி 1977-இல் தொடங்கிய குழு. 1990-இல் அவர்களுடைய ‘கிரவுண்ட் ஜீரோ’ வந்தது. அருமையான வாசிப்பு. ஆனால் பாடியது ஆங்கிலத்தில். சென்னைக் கல்லூரி விழாக்களிலும் அதுதான் நடைமுறை. மேடைக்குக் கீழே தமிழில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தவன் மைக்கைத் தொட்டதும் அமெரிக்கனாகிவிடுவான். அவனைக் குறை சொல்ல முடியாது, அந்த இசைக்கு அதுதான் மொழி என்று எல்லோரும் நம்பினோம். வீட்டில் பேசும் மொழியில் கத்தினால் வீட்டுக்காரர்களுக்குப் புரிந்துவிடுமே என்ற கூச்சமும் உள்ளே இருந்திருக்கும். 2003-இல் கூடிய அவியல் அந்தக் கூச்சத்தை உதறியது. முதலில் பாடிய ஆனந்த்ராஜ் பெஞ்சமின் பால் விலகி, டோனி ஜான் அந்த இடத்துக்கு வந்தும், மலையாளத்தை அவர்கள் விடவில்லை.

*

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்றொரு பல்கலைக்கழக ஊர். அங்கிருந்து வந்த ஆர்.இ.எம். குழுவின் முதல் ஆல்பம் ‘மர்மர்’, 1983. மாற்று ராக் என்ற ஓடைக்கு ஊற்றுகளில் ஒன்றாக இன்றும் அதைச் சொல்கிறார்கள். மைக்கேல் ஸ்டைப் அதில் சொற்களை மென்று விழுங்கிப் பாடுவார். ஆங்கிலம் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கே பாதி புரியாது. புரியாத அந்தப் பாதிதான் அவர்களை மறுபடி மறுபடி கேட்க வைத்தது.

மலையாளம் முன்னால் நமக்கும் அந்த நிலைதான். அவியலின் ‘நட நட’ என்றால் கேட்டதும் கால் அசைகிறது. ‘ஞான் ஆரா’ என்றால் யாரும் விளக்க வேண்டியதில்லை. அடுத்த வரியில் மொழி நழுவிப் போய்விடும், அதற்கடுத்த வரியில் திரும்பி வரும். முழுதும் புரிந்திருந்தால் அந்தப் பாட்டுகளை இவ்வளவு கூர்ந்து கேட்டிருப்பேனா, சந்தேகம்தான்.

*

கோவையிலிருந்து ரயில் போகும் வழி: போத்தனூர், மதுக்கரை, எட்டிமடை, வாளையார், கஞ்சிக்கோடு, பாலக்காடு. மதுக்கரைக்கும் வாளையாருக்கும் இடையே யானை கடக்கும் என்பதால் இரவில் ரயிலின் வேகத்தைக் குறைப்பார்கள். ஜன்னல் வழியே ஒன்றும் தெரியாது, காற்றுதான் வரும். முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலை விட்டுக்கொடுத்த வாசல் இந்தப் பாலக்காட்டுக் கணவாய். ஆனி, ஆடியில் இதன் வழியாகப் பாயும் காற்றுதான் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கிறது. நமக்குச் சாரலும் குளிரும் இந்த வழிதான். பழைய காலத்தில் வணிகச் சாத்துகள் இந்த வழி, ரோமக் காசும் இந்த வழி. பாட்டுக்கு மட்டும் வேறு வழி இருந்திருக்குமா? சித்தரின் பாம்பு எந்தப் பாதையாகக் குருவிடம் போனது என்று யாரும் சுட்டிக் காட்ட முடியாது, தென்கோடி வழியாகவே போயிருக்கலாம். திரும்பி வந்தது மட்டும் இந்தக் கணவாய் வழிதான். அதற்கு நாங்கள் சாட்சி.

*

ஆல்பத்துக்குப் பிறகு நடந்தது சீக்கிரம் சொல்லக்கூடியது. 2011-இல் ‘சால்ட் அண்ட் பெப்பர்’ படத்தில் அவியலின் ‘ஆனக்கள்ளன்’ வந்தது. அதே ஆண்டு ‘சாப்பா குரிசு’ படத்துக்கு ரெக்ஸ் விஜயன் இசையமைத்தார். மலையாள சினிமாவின் ஒலியே கொஞ்சம் திசை மாறியது. தமிழில் 2018 ஜனவரியில் சென்னையில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற குழு மேடையேறியபோது, கானாவும் பறையும் எலக்ட்ரிக் கிட்டாரும் ஒன்றாக நின்றன. அது வேறு வேரிலிருந்து, வேறு கோபத்திலிருந்து முளைத்தது. அவியலின் வாரிசு என்று சொன்னால் அந்தக் கோபத்துக்குச் செய்யும் அநியாயம். ஆனால் இரண்டு இடத்திலும் மைக் முன்னால் நின்றவர்கள் தங்கள் குரலை வீட்டில் விட்டுவிட்டு வரவில்லை.

*

கொங்கில் என்ன இருக்கிறது? மருதமலைக்கே சத்தமான பாட்டு புதிதில்லை. 1972-இல் ‘தெய்வம்’ படத்துக்காக மதுரை சோமு அந்த மலை முருகனை அழைத்த அழைப்பு இன்றும் கோயில் ஒலிபெருக்கிகளில் முழங்குகிறது. நோம்பி, அதாவது ஊர்த் திருவிழா என்றால் ஜமாப் மேளத்தின் அடி நெஞ்சுக்கூட்டில் இறங்குகிறது. காங்கேயம் பக்கம் 1965-இல் பிரெண்டா பெக் என்ற கனடிய மானிடவியலாளர் டேப்பில் பதிவு செய்த அண்ணன்மார் கதை இருக்கிறது. இரவிரவாக உடுக்கையோடு பாடியது. உடுக்கையின் கயிற்றை இறுக்கித் தளர்த்தும்போது ஒலி வளைந்து ஏறி இறங்குமே, கிட்டார்க்காரன் தந்தியை விரலால் வளைத்துத் தேடுவது அந்த ஒலியைத்தான்.

பெரிய மேடையும் பெரிய பணமும் இதற்கு வேண்டாம். காந்திபுரத்திலோ பீளமேட்டிலோ மாடி அறையில் டிரம் செட்டுக்காகச் சுவரில் முட்டை அட்டை ஒட்டிப் பயிற்சி செய்யும் பையன்களும் பெண்களும் இப்போது நிறைய. அவர்கள் வாசிப்பதைக் கேட்கும்போதெல்லாம் ஒன்று சொல்லத் தோன்றும். அண்ணன்மார் கதையில் போர்க்காட்சியை எடுக்காதீர்கள், அதை எல்லோரும் எடுப்பார்கள். தங்கை தங்காள் தனியாகக் காட்டுக்குள் நடந்து, விழுந்துகிடக்கும் அண்ணன்மாரைத் தேடிக் கண்டுபிடித்து அழுகிறாளே, அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். ஒப்பாரியிலும் ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும். ரிஃப் அங்கேயே தயாராக இருக்கிறது.