பின்விளக்கும் புகையும்: வாகனப் பராமரிப்புப் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

அறம் பற்றி ஆராய்வோர் போர், வறுமை, மரணதண்டனை முதலான பெரும் பொருள்களையே பெரும்பாலும் எடுத்துக்கொள்வர். மோட்டார் வாகனத்தின் எண்ணெயை மாற்றுதல், காற்று வடிகட்டியைத் துப்புரவாக்குதல், எரிந்துபோன விளக்குக் குமிழை மாற்றுதல் என்பன கராஜோடு முடிந்துவிடும் காரியங்களாகவே கருதப்படுகின்றன. ஆயினும் இச்சிறு காரியங்களுள் மிகப் பழைய வினா ஒன்று மறைந்து கிடக்கின்றது. தன் கண்ணுக்குப் புலப்படாததும் தனக்கு நேரடியாகத் தீங்கு தராததுமான ஒரு குறையை நீக்கும் கடமை மனிதனுக்கு உண்டா? உண்டெனின், அக்கடமை யாருக்குரியது?

வாகனத்தின் முன்விளக்கையும் பின்விளக்கையும் ஒப்புநோக்கின் இவ்வினா தெளிவு பெறும். முன்விளக்கு சாரதிக்குப் பாதையைக் காட்டுகின்றது. அது அணைந்தால் அவன் அக்கணமே அறிவான். மறுநாளே குமிழை மாற்றுவான். பின்விளக்கோ அவனுக்கு எதனையும் காட்டுவதில்லை. அவனையே பிறருக்குக் காட்டுகின்றது. அது அணைந்து மாதக்கணக்காகியும் சாரதி அறியாதிருத்தல் கூடும். கடுகண்ணாவை ஏற்றத்தில், மழை இரவொன்றில், சுமையேற்றிய லொறி ஊர்ந்து செல்லும்போது, பின்னால் வரும் மோட்டார் சைக்கிளோட்டியின் உயிர் அச்சிவப்பு ஒளியிலேயே தங்கியிருக்கின்றது. முன்விளக்குக்கூட முற்றிலும் சாரதிக்கே உரியதன்று. அதன் கோணம் பிசகி மேல்நோக்கியிருந்தால், எதிரே வருபவனின் கண்ணைக் கூசச்செய்து, வளைவிலே அவனைச் சில கணங்கள் குருடனாக்கிவிடும். அத்தீங்கையும் அதனை விளைத்தவன் உணர்வதில்லை.

புகைக்குழாயும் வாகனத்தின் பின்புறத்திலேயே பொருத்தப்பட்டிருப்பது ஈண்டு நோக்கற்பாலது. வாகனம் முன்னே சென்றுவிடுகின்றது. புகை பின்னே தங்குகின்றது. கண்டியின் நில அமைப்பு இதனை மேலும் கடுமையாக்குகின்றது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், குன்றுகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற நிலத்தில் அந்நகர் அமைந்துள்ளது. காற்று அசைவற்ற குளிர்ந்த காலைகளில், கீழே குளிர்ந்த காற்றும் மேலே வெப்பம் மிகுந்த காற்றும் நிற்க, புகை மேலெழ இயலாது பள்ளத்திலேயே தேங்குகின்றது. கொழும்பிலிருந்து வரும் பெருந்தெருவும் கம்பளையிலிருந்து வரும் வீதியும் பேராதனையில் ஒன்றுசேர்ந்து கெட்டம்பே வழியாக நகரினுள் நுழைகின்றன. பாடசாலை தொடங்கும் நேரமும் வாகன நெரிசல் மிகும் நேரமும் ஒன்றே. பஸ் தரிப்பிடத்தில் நிற்கும் மாணவி, நடைபாதையில் பழம் விற்கும் முதியவர், சந்தியில் நிற்கும் போக்குவரத்துக் காவலர் ஆகியோர், தமக்குரியதல்லாத இயந்திரங்களின் கழிவைச் சுவாசிக்கின்றனர். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 ஆம் ஆண்டில் உறுதிப்படுத்தியது. ஆதலின் இது வெறும் அசௌகரியம் பற்றிய பேச்சன்று.

புகை எவ்வாறு பிறக்கின்றது என்பதையும் அறிதல் வேண்டும். எரிபொருள் முற்றாக எரிவதற்குப் போதிய காற்று தேவை. காற்று வடிகட்டியில் தூசு அடைந்தாலும், டீசலைத் தெளிக்கும் நொசில் தேய்ந்து துளிகள் பெருத்தாலும், எரிதல் குறைப்பட்டுக் கரும்புகை எழும். தேய்ந்த வளையங்களின் ஊடாக இயந்திர எண்ணெய் எரியறையினுள் கசிந்தால் புகை நீலநிறம் பெறும். பெற்றோல் வாகனத்தில் காற்றுக்கு மிஞ்சிய எரிபொருள் சேர்ந்தால், நிறமும் மணமும் அற்ற காபன் மொனொக்சைட்டு மிகுதியாக வெளியேறும். கரும்புகை என்பது பணம் கொடுத்து வாங்கி, பயன்கொள்ளாமல் வீசப்பட்ட எரிபொருளே எனலாம்.

இதனால், தன்னலமே போதும், அறம் எதற்கு என்று வாதிடுவோர் உளர். 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடி அவர்களுக்குச் சான்றாகலாம். எரிபொருள் நிலையங்களின் முன் நாட்கணக்கில் வரிசைகள் நீண்டன. பின்னர் கியூஆர் குறியீட்டு முறை வந்தபோது, தொடக்கத்தில் முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றரே கிடைத்தது. ஒவ்வொரு துளியும் அருமையான அக்காலத்தில் ரயரின் காற்றழுத்தத்தைப் பார்ப்பதும் இயந்திரத்தைச் சீராக்குவதும் வயிற்றுப்பாட்டோடு கூடிய காரியங்களாயின. நலமும் கடமையும் ஒரே திசையிற் சென்றன.

ஆனால் அவை எப்போதும் ஒன்றாகச் செல்வதில்லை. 1785 இல் வெளிவந்த தமது அறவியல் நூலில் இம்மானுவேல் கான்ற் ஒரு கடைக்காரனை எடுத்துக்காட்டுவார். அறியாதவரிடமும் அவன் சரியான விலையே வாங்குகின்றான். ஆயினும் வியாபாரம் கெட்டுவிடும் என்பதற்காகவே அவ்வாறு செய்கின்றானாயின், அவன் செயல் கடமைக்கு ஒத்ததேயன்றிக் கடமையுணர்விற் பிறந்ததன்று என்பது அவர் முடிபு. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக மட்டும் இயந்திரத்தைச் சீராக்குபவன் இக்கடைக்காரனை ஒத்தவன். பின்விளக்கை மாற்றுவதால் அவனுக்கு ஒரு துளி பெற்றோலும் மிஞ்சாது. அங்கே அவன் நலம் வாய்மூடிவிடும். எஞ்சி நிற்பது பிறனுடைய உயிர் மட்டுமே.

தன்னலத்தின் அளவுகோல் எத்துணைக் குறையுடையது என்பதற்கு ஈயம் கலந்த பெற்றோலின் வரலாறு தக்க சான்றாகும். 1921 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லி, பெற்றோலில் ஈயச் சேர்வையைக் கலந்தால் இயந்திரத்தின் தட்டொலி நீங்கும் எனக் கண்டார். வாகன உரிமையாளரின் பக்கம் நின்று நோக்கின் அது சிறந்த மருந்து. இயந்திரம் இனிது ஓடியது. ஆனால் 1924 இல் நியூ ஜேர்சியில் அச்சேர்வையைத் தயாரித்த தொழிலாளர் ஐவர் நஞ்சேறி மாண்டனர். பின்வந்த பல தசாப்தங்களில் வீதியோரக் குழந்தைகளின் இரத்தத்திலும் மூளையிலும் அவ்வீயம் படிந்தது. இலங்கை 2002 இல் அதனைக் கைவிட்டது. உலகில் இறுதியாக அல்ஜீரியா 2021 இல் அதன் விற்பனையை நிறுத்தியது. இயந்திரத்தின் நோயை மனிதரின் உடலுக்கு மாற்றி வைத்ததை நெடுங்காலம் மேம்பாடு என்றே உலகம் அழைத்து வந்தது.

தன்னலம் போதாதெனின் சட்டம் போதுமா என்பது அடுத்த வினா. தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் 2003 இல் வாகனப் புகைக்கான நியமங்கள் வெளியிடப்பட்டன. 2008 இல் புகைப் பரிசோதனை நடைமுறைக்கு வந்தது. அச்சான்றிதழின்றி வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் பெறவியலாது. இது பெரும் முன்னேற்றமே, ஐயமில்லை. எனினும் பரிசோதனை ஆண்டுக்கு ஒரு நாள். சுவாசமோ ஒவ்வொரு நாளும் நிகழ்வது. பரிசோதனைக்கு முன்தினம் இயந்திரத்தைச் சீராக்கி, சான்றிதழ் பெற்றதும் பழைய நிலைக்கு விட்டுவிடுபவனைச் சட்டம் குற்றவாளியாகக் காண்பதில்லை. இச்சிறிய தந்திரத்தின் பேருருவத்தை 2015 இல் உலகம் கண்டது. ஜேர்மனியின் வோக்ஸ்வாகன் நிறுவனம், பரிசோதனை நடைபெறுவதை உணர்ந்து அப்போது மட்டும் புகையைக் கட்டுப்படுத்தும் கணினி நிரலை, ஒரு கோடியே பத்து இலட்சம் வரையான வாகனங்களிற் பொருத்தியிருந்தமை வெளிப்பட்டது. அமெரிக்காவிற் சில வாகனங்கள் வீதியில் ஓடும்போது வெளியிட்ட நைதரசன் ஒட்சைட்டுகள், விதித்த அளவின் நாற்பது மடங்கு வரை இருந்தன.

அணிந்தவனை மறைத்துவிடும் மோதிரம் ஒன்றன் கதையைப் பிளேட்டோவின் 'குடியரசு' நூலிற் கிளௌக்கன் கூறுவான். எவரும் காணாவிடின் நீதிமானும் அநீதிமானும் ஒரே வழியிலேயே செல்வர் என்பது அவன் வாதம். வாகனம் ஓட்டுபவனுக்கு அம்மோதிரம் இயல்பாகவே வாய்த்துவிட்டது. அவன் புகையால் இருமுபவரை அவன் காண்பதில்லை. அவர் முகம் கண்ணாடியிற் படுமுன் அடுத்த வளைவு வந்துவிடுகின்றது. காண்போர் இல்லாத இவ்விடமே அறத்தின் உண்மையான பரீட்சைக் களமாகும்.

இதற்கு இரு மறுப்புகள் எழுதல் கூடும். ஆயிரக்கணக்கான வாகனங்கள் புகை கக்கும் நகரில் ஒருவன் திருந்துவதால் யாது பயன் என்பது முதலாவது. 1984 இல் வெளிவந்த நூலொன்றில் ஆங்கிலேய மெய்யியலாளர் டெரெக் பார்ஃபிற் இதற்கு விடையிறுத்தார். ஆயிரம் பேர் ஒவ்வொருவரும் ஆயிரம் பேருக்கும் உணரவியலாத சிறுவலியை விளைத்தால், எவரும் தனியே தீங்கிழைத்ததாகத் தோன்றாது; ஆயினும் வதைபடுவோர் கடுந்துயர் அடைவர். ஆகவே தனிச்செயலின் விளைவை மட்டுமன்றி, அச்செயல் எத்தொகுதியின் பங்காக நிற்கின்றது என்பதையும் நோக்கல் வேண்டும்.

இரண்டாவது மறுப்பு இதனினும் கனமானது. தவணைப் பணம் கட்டி முச்சக்கர வண்டி ஓட்டுபவனுக்கு இயந்திரத் திருத்தம் என்பது பல நாட் சோறு. தனியார் பஸ்ஸின் சாரதி பெரும்பாலும் அதன் உரிமையாளனல்லன். நாளாந்தம் ஒப்படைக்கவேண்டிய தொகையே அவன் கண்முன் நிற்கும். எரிபொருளின் தரமும் அவன் கையில் இல்லை. மண்ணெண்ணெய் கலந்த டீசலை அறியாது வாங்கியவனைப் புகைக்காகப் பழித்தல் நீதியாகாது. வறியவன் தலையில் முழுக் கடமையையும் சுமத்தும் அறம், வசதியுடையோரின் சொகுசாகவே முடியும். ஆதலின் கடமை ஆற்றலுக்கேற்பப் பங்கிடப்படல் வேண்டும். தூய எரிபொருளுக்கு அரசும், வாகனத்தின் சீருக்கு உரிமையாளரும் பொறுப்பேற்றல் முறை. அவ்வாறு பங்கிட்ட பின்னரும் சாரதிக்கென ஒரு சிறு பங்கு எஞ்சும். காலையிற் புறப்படுமுன் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து விளக்குகளையும் புகையின் நிறத்தையும் பார்த்தலும், கண்ட குறையை உரியவரிடம் சொல்லுதலும் பணத்தால் ஆகும் காரியங்களல்ல. ஒரு பின்விளக்குக் குமிழின் விலையும் எவரையும் வறியராக்குவதன்று.

தமிழில் மாசு என்னும் சொல் கருதற்குரியது. வள்ளுவர் அதனை மனத்தின் குற்றத்துக்கு வழங்கினார். இக்காலத்தார் காற்றின் அழுக்குக்கு வழங்குகின்றனர். பேராதனைச் சந்தியிற் படரும் கரும்புகையில் இவ்விரு பொருளும் ஒருங்கே உள்ளன. வடிகட்டியில் அடைந்த தூசு ஒரு மாசு. பின்னால் வருபவன் தனக்கு ஒன்றுமில்லை என்னும் எண்ணம் மற்றொன்று. முன்னையதைத் திருத்தக் கராஜ் உண்டு. பின்னையதைத் திருத்த, சாரதி தன் ஆசனத்தை விட்டு இறங்கி, வண்டியின் பின்புறம் சென்று, அடுத்து வருபவன் நிற்கும் இடத்தில் ஒருகணம் நின்று பார்த்தல் வேண்டும்.