மழைநீர்க் கால்வாயும் ஐந்தாம் சமிதியும்



மழைக்காலம் வந்தால் நம் முனிவர் பெருமக்கள் ஓரிடத்தில் தங்கிச் சாதுர்மாச நோன்பு மேற்கொள்கின்றனர். மண்ணில் ஈரம் படர்ந்ததும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் எண்ணற்ற உயிர்கள் தோன்றுகின்றன. அவற்றின்மேல் அடி பதியலாகாது என்னும் அருளே அந்நோன்பின் அடிப்படை. இல்லறத்தாராகிய நமக்கு அவ்வாறு ஓரிடத்தில் அடங்கியிருத்தல் இயலாது. ஆயினும் நம் இல்லத்திலிருந்து மழையோடு வெளியேறுவது எது, அது எங்கே சென்று எவ்வுயிரைச் சேர்கிறது என்று எண்ணிப் பார்த்தல் இயலும் அன்றோ? அதனைப் பற்றியே இம்முறை உங்களோடு சிந்திக்க விழைகின்றோம்.

எம் இளமையில், வந்தவாசி வட்டத்துச் சிற்றூர் ஒன்றில், கிணற்றங்கரையில் நின்று நீர் வடிக்கக் கற்றுத் தந்தவர் எம் அன்னையார். குடத்தின் வாயில் இரட்டையாக மடித்த வெண்துணியைக் கட்டி நீரை ஊற்றுவார். வடித்தபின் அத்துணியை உதறிவிட மாட்டார். அதனைப் புரட்டிப் பிடித்து, வடித்த நீரையே அதன்மேல் வார்த்து, தங்கிய சிற்றுயிர்களை ஒரு சிறு கலத்தில் ஏந்தி, அக்கலத்தைக் கயிற்றில் கட்டி அதே கிணற்றினுள் மெல்ல இறக்குவார். "எந்த நீரில் பிறந்தனவோ அந்த நீரிலேயே வாழட்டும்" என்பார். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் யாம் பயின்ற பாடங்களினும் அக்கிணற்றங்கரைப் பாடமே எம் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

அத்தகைய அன்னையின் மகளாகிய யாம் செய்த பிழை ஒன்றை இங்கு மறைக்காமல் கூறவேண்டும். பணி ஓய்வு பெற்றபின் சென்னைப் புறநகரில் சிறு வீடு ஒன்று கட்டினோம். துணி துவைக்கும் நீரையும் சமையலறைத் தொட்டி நீரையும் எங்கே விடுவது என்ற பேச்சு எழுந்தபோது, தெருவோர மழைநீர்க் கால்வாயில் குழாயை இணைத்துவிட்டால் செலவு குறையும் என்றார் கொத்தனார். யாமும் இசைந்தோம். பல ஆண்டுகள் சோப்பு நீரும் பாத்திரம் கழுவிய நீரும் பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயும் அவ்வழியே சென்றன. தீபாவளிக்கு மறுநாள் வாசலில் கிடந்த பட்டாசுக் குப்பையையும் அக்கால்வாயின் வாயிலேயே பெருக்கித் தள்ளினோம். வாசல் தூய்மையாயிற்று என்று மகிழ்ந்தோம்.

ஓராண்டு, நெடுங்கோடைக்குப்பின் வந்த முதல் பெருமழை ஓய்ந்த காலையில், பேரனை அழைத்துக்கொண்டு அருகிலுள்ள ஏரிக்கரைக்குச் சென்றோம். கரையோரமெங்கும் மீன்கள் வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்தன. சிறுவன் சிறிது நேரம் பேசாமல் நின்றான். பின்னர், "பாட்டி, நீங்கள் பூச்சி செத்துவிடும் என்று தண்ணீரை வடிகட்டித்தானே குடிக்கிறீர்கள்? நம் வீட்டுத் தண்ணீர் இங்கேதானே வருகிறது?" என்றான். வாழ்நாளெல்லாம் மாணாக்கரிடம் வினாத் தொடுத்தே பழகிய எமக்கு அச்சிறு வினாவுக்கு விடை கூற நா எழவில்லை.

அம்மீன்கள் மடிந்தமைக்கு எம் வீட்டுக் குழாய்தான் காரணம் என்று அறுதியிட்டுக் கூற இயலாது. காரணம் அன்று என்று கூறவும் இயலவில்லை. அந்த இரண்டாவது நிலையே எம்மை உறங்கவிடாது செய்தது.

பின்னர்க் கேட்டறிந்தவற்றை உங்களுக்கும் கூறுகின்றோம். நகரங்களில் நீர் செல்லும் வழிகள் இரண்டு. ஒன்று கழிவுநீர்க் குழாய். சென்னையில் அது கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி போன்ற இடங்களிலுள்ள சுத்திகரிப்பு நிலையங்களைச் சேரும். மற்றொன்று மழைநீர்க் கால்வாய். மழை வெள்ளம் வடிவதற்கென்றே அமைந்த அதன் முடிவில் சுத்திகரிப்பு நிலையம் இல்லை. அதில் விழுவது கூவத்துக்கோ அடையாற்றுக்கோ பக்கிங்காம் கால்வாய்க்கோ அருகிலுள்ள ஏரிக்கோ நேரே சென்று, இறுதியில் கடலை அடையும்.

கோடை முழுவதும் தெருவில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு, வண்டிச் சக்கரங்களின் தேய்மானத் தூள், சாணம், நாயின் கழிவு, அழுகிய உணவு யாவற்றையும் முதல் மழை ஒரே வீச்சில் வாரிக்கொண்டு போகிறது. நீரில் விழுந்த அழுகற் பொருள்களை நுண்ணுயிர்கள் உண்ணும்போது, நீரில் கரைந்துள்ள உயிர்வளி தீர்ந்துவிடுகிறது. மேலே படர்ந்த எண்ணெய்ப் படலமோ புதிய காற்று கலப்பதைத் தடுக்கிறது. இவ்வாறு மீன்கள் நீருக்குள்ளேயே மூச்சுத் திணறி மடிகின்றன. உரமும் சாணமும் கலந்த நீரில் பாசியும் ஆகாயத் தாமரையும் செழித்து ஏரியை மூடுகின்றன. கட்டட வேலையில் மிஞ்சிய மணலும் சிமெண்டும் கால்வாயைத் தூர்க்க, வெள்ளம் நம் வீட்டுக்குள்ளேயே திரும்பி வருகிறது.

2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மீனவர்தம் படகுகளும் வலைகளும் கறுத்தன. கூழைக்கடாக்களின் இறகுகளில் எண்ணெய் அப்பியது. அது பெருந்தொழில் சார்ந்த பெரும் பிழை. நாம் தெருக் கால்வாயில் கவிழ்ப்பதோ ஒரு கரண்டி எண்ணெய். அளவில் வேற்றுமை உண்டு; வழி ஒன்றே.

இனி ஆகமம் காட்டும் நெறியை நோக்குவோம். முனிவர்க்குரிய சமிதிகள் ஐந்து: நடையில் கவனம், சொல்லில் கவனம், உணவு ஏற்பதில் கவனம், பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் கவனம், கழிவை விடுவதில் கவனம். ஐந்தாவதாகிய இதனையே உத்சர்க்க சமிதி என்பர். உடற்கழிவை விடுமுன்னும் அவ்விடத்தில் உயிர்கள் உளவோ என முனிவர் நோக்குகின்றனர். நாம் உட்கொள்ளும் நீரில் காட்டும் கவனத்தை வெளியே விடும் நீரிலும் காட்டவேண்டும் என்பது இதனால் பெறப்படும் பாடம். யாம் முதற்பாதியை மட்டும் கற்று மறுபாதியை மறந்திருந்தோம்.

இல்லறத்தார்க்கு உரிய குணவிரதங்களுள் அநர்த்த தண்ட விரதம் ஒன்று. பயனின்றி உயிர்க்குத் தீங்கு செய்யாமையே அது. வேண்டாது மண்ணைத் தோண்டுதலும் நீரை வீணே சிதறுதலும் செடி கொடிகளை ஒடித்தலும் அதில் பிரமாதம், அதாவது கவனமின்மை, என்று விலக்கப்பட்டன. தத்துவார்த்த சூத்திரமும் கவனமின்மையால் உயிருக்கு ஊறு செய்வதையே இம்சை என்று வரையறுக்கிறது. ஆகவே "கொல்லவேண்டும் என்று நாம் எண்ணவில்லையே" என்பது விடையாகாது.

வினை உயிரை வந்தடைவதை ஊற்று என்றும், அவ்வரவைத் தடுப்பதைச் செறிப்பு என்றும் நம் நூலோர் கூறுவர். ஏரியில் அழுக்குச் சேராதிருக்க வேண்டுமாயின் முதலில் அழுக்கு நுழையும் வாய்க்காலை அடைக்கவேண்டும். மடையைத் திறந்து வைத்துவிட்டு ஏரியை இறைத்துக்கொண்டிருப்பதில் பயன் என்ன? உயிருக்குச் சொன்ன அவ்வறம் ஊர் ஏரிக்கும் அப்படியே பொருந்துகிறது.

நம் இல்லத்து மடைகளை எவ்வாறு அடைப்பது? முதற்கண், வீட்டுக் கழிவுநீர்க் குழாய் மழைநீர்க் கால்வாயில் இணைந்துள்ளதா என்று பாருங்கள். இணைந்திருப்பின் இன்றே மாற்றுங்கள். மிஞ்சிய சமையல் எண்ணெயைப் புட்டியில் சேர்த்து, அதனைச் சேகரிப்போரிடம் கொடுங்கள். எண்ணெய்ப் பாத்திரத்தைத் தாளால் துடைத்தபின் கழுவுங்கள். வண்டியைத் தெருவில் சோப்பிட்டுக் கழுவாமல், ஈரத் துணியால் துடையுங்கள். அதன் கழிவெண்ணெய் பட்டறையிலேயே தங்கட்டும். வாசலைப் பெருக்கிய குப்பையைக் கால்வாய்க்குள் தள்ளாதீர். சருகை எருக்குழியில் இடுங்கள். மழை வருமுன் செடிக்கு உரமிடாதீர். பூச்சிக்கொல்லியை நாம் தொடவே கூடாது. வீட்டு முற்றம் முழுவதற்கும் சிமெண்டு பூசாமல், மழை இறங்கச் சிறிது மண்ணை விட்டு வையுங்கள். 2003ஆம் ஆண்டிலேயே நம் மாநிலத்தில் மழைநீர்ச் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. அந்தத் தொட்டி தூர்ந்து கிடந்தால் தூர்வாருங்கள். மண்ணுக்குள் இறங்கும் மழை தெரு அழுக்கைச் சுமந்து செல்வதில்லை.

நம் ஜினாலயங்களுக்கும் ஒரு விண்ணப்பம். அபிடேகம் செய்த பாலும் சந்தனமும் கலந்த நீர் தெருக் கால்வாயில் வடியாமல் நந்தவனத்துக்குப் பாயுமாறு வழி அமைக்கலாம். நிருமாலிய மலர்களை எருவாக்கலாம். தீபாவளி, பகவான் மகாவீரர் வீடுபேறு எய்திய நாள். அந்நாளில் விளக்கேற்றி வழிபடுவதே நமக்கு முறை. ஐப்பசி மழையில் பட்டாசின் வேதியுப்புகள் நீர்நிலைக்குச் செல்ல நாம் காரணமாதல் தகுமோ?

"ஒரு வீட்டார் திருந்தினால் ஏரி திருந்துமா? இது அரசும் நகராட்சியும் செய்யவேண்டிய பணியன்றோ?" என்று சிலர் வினவுவர். அவர்தம் கடமையை அவர் செய்யட்டும். செய்யுமாறு மனுக் கொடுத்துக் கேட்பதும் நம் கடமையே. ஆனால் வினை தெருவாரியாகப் பங்கிடப்படுவதில்லை. அவரவர் செய்தது அவரவரையே சேரும்.

எம் வீட்டுக் குழாயை யாம் மாற்றிவிட்டோம். எம் ஓய்வூதியத்தில் இரண்டு மாதத் தொகை அதற்காயிற்று. அன்று மிச்சம் பிடித்ததைக் காட்டிலும் அது மிகுதி. அதனால் ஏரி தெளிந்துவிட்டது என்று கூற மாட்டோம்; இன்னும் எத்தனையோ குழாய்கள் அதில் வடிகின்றன. ஆயினும் எங்கள் தெருவில் மேலும் மூன்று வீட்டார் அவ்வாறே மாற்றினர். பேரன் இப்போது மழை பெய்தவுடன் கால்வாயின் வாயை எட்டிப் பார்த்து, "நம் வீட்டிலிருந்து ஒன்றும் போகவில்லை பாட்டி" என்று வந்து சொல்கிறான். அச்சொல்லைக் கேட்கும்போது, கிணற்றினுள் கலத்தை மெல்ல இறக்கிய எம் அன்னையின் கை நினைவுக்கு வருகிறது.

அன்பர்களே, அடுத்த மழைக்குமுன் ஒருநாள் உங்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் வாசல் கால்வாய் எங்கே சென்று முடிகிறது என்று நடந்து சென்று பாருங்கள். அங்கே வாழும் உயிர்களைக் கண்டபின், செய்யவேண்டியதை உங்கள் நெஞ்சமே உங்களுக்கு உரைக்கும்.

எல்லா உயிரும் இன்புறுக! அருகன் அறம் ஓங்குக!