கருவி நமது, உருவம் யாருடையது?

திருநின்றவூரில் நமக்கு அடுத்த தெருவில் ஓர் அன்பர் வாழ்கிறார். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் உழைத்து ஓய்வு பெற்றவர். பழைய பிலிம் கேமராக்களைச் சேர்ப்பதில் அவருக்குத் தீராத ஆசை. 1985இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டில், இளமையில் வாங்கிய ஒன்றில் தொடங்கிய ஆசை, இன்று ஓர் அலமாரியை நிறைத்திருக்கிறது. மழைக்காலம் வந்துவிட்டால் லென்சில் பூஞ்சை படருமே என்று அவருக்கு உறக்கம் இராது. வாரம் ஒருமுறை ஒவ்வொன்றின் ஷட்டரையும் சொடுக்கிக் காதருகே வைத்துக் கேட்பார். ஒரு நொடியில் மூட வேண்டியது சற்றுத் தாமதித்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டவர்போல் முகம் வாடுவார்.

பயன்படாப் பொருளைக் குவிப்பது வீண்விரயம் அன்றோ என்று நாம் அவரிடம் கேட்டதுண்டு. “பயன்படுத்துகிறேனே, ஹஜரத்!” என்பார். உண்மைதான். உதகையில் 1960இல் நிறுவப்பெற்று, 1967 முதல் ‘இந்து’ என்னும் பெயரில் பிலிம் தயாரித்த அரசு ஆலை இன்று இயங்கவில்லை. எனினும் எங்கிருந்தேனும் பிலிம் வருவித்துப் படமெடுத்து, தம் கையாலேயே கழுவுகிறார். ஆகவே அந்தக் கேள்வியை நாம் விட்டுவிட்டோம். அதனினும் பெரிய கேள்வியொன்றை அவரே ஒருநாள் கொண்டு வந்தார்.

பழைய இரும்புக் கடையொன்றில் ‘ஆக்பா கிளிக்’ கேமரா ஒன்றை வாங்கியிருக்கிறார். அதன் முதுகிலுள்ள சிவப்புச் சாளரத்தில் 8 என்னும் எண் தெரிந்தது. உள்ளே யாரோ பாதியில் விட்டுப்போன பிலிம்! “காசு கொடுத்து வாங்கியது நான். உள்ளிருப்பதும் எனக்குத்தானே உரியது?” என்று கேட்டார். கேட்ட குரலிலேயே ஐயம் இருந்தது.

பிக்ஹு நூல்களில் ஒரு பழைய வினா உண்டு. வாங்கிய மீனின் வயிற்றில் முத்து கிடைத்தால் அது யாருக்கு? துளையிடாத முத்தாயின், மீனைப் பிடித்தவனுக்கு உரியது என்பர். துளையிட்டதாயின், முன்பே ஒருவர் கையில் இருந்தது என்பதற்கு அத்துளையே சான்று. அது கண்டெடுத்த பொருள். உரியவரைத் தேடியாக வேண்டும். ஒளிபட்ட பிலிமும் துளையிட்ட முத்தே என்றோம். கேமரா விலைக்கு வந்தது. ஒரு குடும்பத்தின் முகங்கள் விலைக்கு வரவில்லை.

பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு சோதனையை எழுதிவைத்தார். இருட்டறையின் ஒரே துளைக்கு வெளியே பல விளக்குகளை வைத்தால், எல்லா ஒளியும் அத்துளை வழியே நுழைந்தும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய ஒளி மட்டுமே மறைகிறது. மனிதர் உரிமைகளும் அத்தகையவே. பல கைமாறி ஒரு கையில் வந்து சேர்வதால் அவை ஒன்றாகிவிடுவதில்லை.

அவ்வாறாயின் கழுவிப் பார்க்கலாமா? அந்நிய வீட்டுப் பெண்மக்களின் படம் இருக்கக்கூடுமே! நாம் தயங்கியது இங்கேதான். கழுவாவிடில், வெப்பத்தில் உருவங்கள் நாளுக்கு நாள் மங்கும்; அமானிதம் கையிலேயே அழியும். ஆகவே கழுவட்டும், உரியவரை அறிவதற்கு வேண்டிய அளவே பார்க்கட்டும், எவருக்கும் காட்டாதிருக்கட்டும், தேடி வருபவர் அடையாளம் சொன்ன பின்பே கொடுக்கட்டும் என்றோம்.

அவர் அவ்வாறே செய்தார். கடைக்காரரிடமும் சொல்லிவைத்தார். இன்றுவரை எவரும் வரவில்லை. என்ன படங்கள் என்று நாமும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சேர்ப்பவனின் நேர்மை, அலமாரியில் எத்தனை பொருள் உள்ளது என்பதில் இல்லை. அவற்றுள் தனக்கு உரியதல்லாதது எது என்று அறிவதில் இருக்கிறது. அந்த ஆக்பா கேமரா மற்றவற்றோடு வரிசையில் நிற்கிறது. பிலிம் உள்ள உறையோ அங்கில்லை. வீட்டுப் பத்திரங்களோடு பெட்டியில் இருக்கிறது.