தூங்கினவர் சொல்லும் சாட்சி

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் மயக்க மருந்து மருத்துவர் கட்டிலருகே வந்து கேட்கிறார்: "குறட்டை விடுவீங்களா? தூக்கத்துல மூச்சு நின்னதா வீட்டுல யாராச்சும் சொல்லியிருக்காங்களா?" குடலிறக்கத்துக்காகச் சேர்ந்தவருக்கு இது சம்பந்தமில்லாத கேள்வி. "நான் நல்லாத் தூங்குவேன் சார்" என்கிறார். பக்கத்தில் இருக்கும் மனைவி எதுவும் பேசாமல் மருத்துவரைப் பார்க்கிறார்.

கணவர் சொல்வது பொய்யில்லை. அவர் அறிந்த வரையில் அதுவே உண்மை.

சிலருக்கு உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுவழி அடைபடுகிறது. இதுதான் உறக்க மூச்சுத்தடை நோய். மூச்சு 10 விநாடியாவது நின்றாலோ வெகுவாகக் குறைந்தாலோ ஒரு தடவை என்று கணக்கு. மணிக்கு 30 தடவையும் அதற்கு மேலும் என்றால் நோய் கடுமை. பெரும்பாலும் மூளை உடம்பை அரைகுறையாக எழுப்பி மூச்சை மீட்கிறது. அந்த விழிப்பு நினைவில் தங்குவதில்லை. மயக்க மருந்தும் மார்பின் போன்ற வலிநிவாரணிகளும் அந்த விழிப்பையே மழுங்கடித்துவிடும் என்பதால்தான் கட்டிலருகே அந்தக் கேள்வி. டொரன்டோவில் பிரான்சிஸ் சங் குழுவினர் உருவாக்கி 2008-இல் வெளியிட்ட 'ஸ்டாப்-பேங்' கேள்வித்தாளின் எட்டுக் கேள்விகளில் ஒன்று, மூச்சு நிற்பதைப் பிறர் பார்த்ததுண்டா என்பது. அடுத்தவர் கண்ணை நம்பாமல் அதற்குப் பதில் கிடையாது.

ஒருவருடைய உறக்கத்துக்கு யார் சாட்சி? இது பழைய வழக்கு. எழுந்தவுடன் மனிதர் சொல்லும் பேச்சை அத்வைதிகள் பிடித்துக்கொண்டார்கள்: சுகமாகத் தூங்கினேன், ஒன்றுமே தெரியவில்லை. ஒன்றும் தெரியாதவருக்குச் சுகம் மட்டும் எப்படித் தெரிந்தது? உறங்காத ஓர் அறிவு உள்ளே சாட்சியாக இருந்தது என்பது அவர்கள் முடிவு. நியாய தரிசனத்தைச் சேர்ந்த நையாயிகர்கள் ஒப்பவில்லை, அது நினைவன்று, எழுந்தபின் செய்யும் அனுமானம் என்றார்கள். ஆன்மாவைப் பற்றிய தீர்ப்பு எப்படியும் போகட்டும். உடம்பைப் பொறுத்தவரை நையாயிகர் பக்கமே நியாயம் இருக்கிறது. இரவெல்லாம் மூச்சுக்குப் போராடியவரும் காலையில் "சுகமாகத் தூங்கினேன்" என்றே சொல்கிறார்.

சிவஞான சித்தியார் அறியும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றில் அடக்குகிறது. தன் உறக்கத்தைக் காண்டல் யாருக்கும் வாய்க்காது. பகல் தூக்கத்தையும் காலைத் தலைவலியையும் வைத்துக் கருதலாம். வயதையும் வேலையையும் காரணம் காட்டி அதையும் தள்ளிவிடலாம். மிஞ்சுவது உரை, நம்பத்தக்கவர் வாக்கு. இந்த நோய்க்கான உறக்கப் பரிசோதனை வேண்டாம் என்பவரைப் பிடிவாதக்காரர் என்று ஒதுக்குவது தவறு. தனக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்திருந்த இடத்தைப் பற்றி, தன் சொல்லைவிடப் பிறர் சொல் மெய் என்று அவர் ஏற்க வேண்டியிருக்கிறது. அது எளிதில்லை.

சிகிச்சைக்காக, காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் கருவியின் முகமூடியை மாட்டிப் படுப்பதும் எளிதில்லை. 2016-இல் வெளியான 'சேவ்' ஆய்வில், இதயநோயோ மூளை ரத்தநாள நோயோ இருந்த 2,717 பேர் பங்கெடுத்தார்கள். கருவி பெற்றவர்கள் அதைப் பயன்படுத்தியது இரவுக்குச் சராசரி 3.3 மணி நேரம். மாரடைப்பும் பக்கவாதமும் அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை. குறட்டையும் பகல் தூக்கமும் குறைந்தன. இந்த இரண்டு செய்தியையும் மறைக்காமல் சொல்பவருடைய உரைதான் நோயாளி நம்பத்தக்க உரை.

காண்டலும் ஒருநாள் வரலாம். சிட்னியில் காலின் சலிவன் மூக்குவழிக் காற்றழுத்தச் சிகிச்சையைத் தொடங்கிய காலத்தில், கடுமையான நோய்க்கு இருந்த வழி கழுத்தில் துளையிடுவது. 1981-இல் அவர் குழு ஐந்து நோயாளிகளின் அனுபவத்தை 'லான்செட்' இதழில் வெளியிட்டது. அன்றுமுதல் இந்தச் சிகிச்சை எடுத்தவர்களில் பலர் சொல்வது ஒன்றுதான்: மறுநாள் காலை தெளிந்த தலையோடு எழுந்தபோதுதான், இத்தனை வருஷமாகத் தூங்கவே இல்லை என்று தெரிந்தது.